வேலை மாற விருப்பமில்லை

ஜனவரி 18

தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் சண்டைக்குப் போய்விடுகிறோம். போதாக்குறைக்கு உன் அறையில் இருப்பவர்கள் எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுச் சிரிக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். நாள் முழுக்க மாடிக்கு ஏறி இறங்குகிறாள், நீ கூப்பிட்டால் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடப்பவள் போல முனகுகிறாள். நம்பித் தொலைக்காதே.

எனக்கு ஓர் உதவி வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் ஆய்வு ஒன்று எங்கள் அலுவலகத்தில் நடக்கிறது. நான்தான் பொறுப்பு. ஒரு கூடம் நிறையப் பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து கூப்பிடுகிறார்கள். யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும், முதல் கேள்வியைக் கேட்பதற்குள் துண்டித்துவிடுகிறார்கள். நேற்று ஒருவர், "லோன் எல்லாம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று விசாரித்துவிட்டு வைத்தாராம். இப்படியே போனால் பிரிவையே மூடிவிடலாம் என்று இயக்குநர் ஜாடைமாடையாகச் சொல்லியாயிற்று.

கணினி குலுக்கிப் போட்டதில் உன் கம்பெனி விடுதியும் வந்திருக்கிறது. என் தம்பி இருக்கும் இடம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் நீ இருக்கும் நாட்டிலிருந்து பதில் என்று ஒன்றுமே இருக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன் கூட இருப்பவர்களிடம் போன் வந்தால் எடுக்கச் சொல். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்காதே. சொல்ல மாட்டேன். அது எங்கள் தொழிலில் விதி. எதற்கென்று தெரிந்துவிட்டால் ஆட்கள் அதற்குத் தகுந்த மாதிரி பதிலை வளைத்துவிடுவார்கள். சின்ன வயதில் டாக்டர் ஊசியை எடுத்ததுமே "காய்ச்சல் போயிடுச்சு" என்று கட்டிலை விட்டு இறங்கினாயே, அந்தக் கதைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை மெதுவாக எழுது, உன் கையெழுத்து எனக்குப் புரிய வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உன் ஆய்வின் நியமிக்கப்படாத துணைத் தலைவர் எழுதுவது. தபால் நிலையம் வரை போக விடுமுறை கிடைக்கவில்லை. எங்கள் மெஸ் சமையல்காரர் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் முதலில் தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் உன் பக்கம் வருவார். அவரைத் திட்டாதே.

காரியம் கச்சிதமாக முடிந்தது. எங்கள் கட்டிடம் மட்டும் இல்லை, வளாகத்தில் இருக்கும் மற்றக் கட்டிடங்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் உன் அலுவலக நம்பரைப் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டேன். முதலில் கூப்பிட்டது எங்கள் விடுதி வெல்டரை. அந்த ஆள் மெஸ் சோறு வேகவில்லை, குளிக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்று ஒரே ஒப்பாரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ், எங்க அக்கா ஆபீசுய்யா அது. அவங்க பிரிவே இதுலதான் தொங்கிட்டு இருக்கு. அவங்ககிட்டயே போய் மூக்கால அழுவியா?" என்று ஏறிவிட்டேன். அதற்கப்புறம் எல்லோரும் தங்கக் கம்பிகள். சாப்பாடு பிரமாதம், மேலாளர் நல்லவர், ஊரை விட இங்கே சுகம் என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அக்காவுக்குத் தலை குனிவு வராது.

பெயிண்டர் அண்ணன்தான் கொஞ்சம் யோசித்தார். அவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். என் பக்கத்துக் கட்டில், கதவுகளுக்கு ஸ்ப்ரே அடிப்பவர். மூடிய அறை, முகமூடியில் இருக்கும் வடிகட்டியை மாற்றித் தருவதில்லை. இருமல் விடவே மாட்டேன் என்கிறது. செடி வளர்த்து விற்கும் நர்சரி ஒன்றில் இவரை எடுத்துக்கொள்ளத் தயார். வெட்ட வெளியில் வேலை, அதுவே அவருக்குப் பாதி மருந்து. ஆனால் எங்கள் கம்பெனி விடுவிப்புக் கடிதம் தராமல் யாரும் எங்கேயும் போக முடியாது. இவர்கள் தர மாட்டார்கள்.

"யாரோ நம்மளப் பத்தி உக்காந்து கேக்கறாங்க தம்பி. உள்ளதச் சொன்னா என்ன?" என்றார்.

"அண்ணே, அது புகார்ப் பெட்டி இல்ல. சும்மா கணக்கெடுக்கறாங்க. எங்க அக்காவுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடாதீங்க" என்றேன்.

"சரி, உனக்காக" என்று சிரித்தார். போன் வந்தபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குறையும் இல்லம்மா என்று சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "சிரிச்சேன்மா, புரை ஏறிடுச்சு" என்று சமாளித்தார் பார், மனிதருக்கு நடிப்பும் வருகிறது.

என்னையும் கூப்பிட்டார்கள். வழி இருந்தால் வேறு வேலைக்கு மாறுவீர்களா என்றாள். "சேச்சே, இந்த இடத்த விட்டுட்டா?" என்றேன். இயக்குநரிடம் சொல்லி எனக்கு ஒரு நல்ல பேனா வாங்கி அனுப்பு.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனால் உன் கைங்கரியம் வந்து சேர்ந்துவிட்டது. உன் நாட்டிலிருந்து பதில் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது. முழுதாக முடிந்த பதில்களில் பெரும் பங்கு உங்கள் வளாகத்தில் இருந்துதான். இயக்குநர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பிரிவு பிழைத்தது. அம்மாவிடம் சொன்னேன், "அவன் சொன்னா யாரு தட்டுவா" என்று பெருமை முழுவதையும் உனக்கு எழுதிவிட்டாள்.

அறிக்கை போய்விட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. வேலைக்கு ஆட்களை எடுக்கும் நாடுகளோடு நம் அரசு புது ஒப்பந்தம் போடப்போகிறது. முதலாளியின் சம்மதம் இல்லாமலே ஒரு தொழிலாளி வேறு இடத்துக்கு மாறலாம் என்ற உரிமையை அதில் கேட்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கேட்டால் எதிர்த்தரப்பு லேசில் விட்டுக்கொடுக்காது. அதனால் எந்த நாட்டில் நம் ஆட்களுக்கு அது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். மற்ற மூன்று நாடுகளில் பெரும்பாலானவர்கள் மாற வேண்டும் என்றார்கள். அங்கே விடாப்பிடியாகக் கேட்கப்போகிறார்கள். உன் நாட்டில் கிட்டத்தட்ட எல்லோருமே விருப்பமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். யாரும் விரும்பாத ஒன்றுக்காக எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக விமான நிலையத்தில் நம் ஆட்களுக்குத் தனி வரிசை கேட்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல். உனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அம்மாவிடம் புலம்புவதெல்லாம் செல்லம் கொஞ்சத்தானா? உன் விடுதிக்காரர்களின் பதில்களைப் படிக்கும்போது மனதில் ஏதோ நெருடியது. உன்னையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். ஏற்கெனவே ஒரு விதியை மீறியாயிற்று, இன்னொன்று வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

சமையல்காரர் வந்தாரா இல்லையா? வந்திருந்தால் நீ இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டாய். அவரை எதிர்பார்க்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் சொன்னது ஒன்றும் உண்மை இல்லை. நான் சொல்லச் சொன்னேன், சொன்னார்கள். உன் வேலை போய்விடக் கூடாதென்று சொல்லச் சொன்னேன். அந்தக் கேள்விகள் உனக்கு வைத்த பரீட்சை என்று நினைத்தேன். எங்களைப் பற்றியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை. உன் சொந்தத் தம்பி கூடப் பதிலை வளைத்துவிடுவான் என்று பயந்தாய். சொல்லாததால்தான் வளைத்தேன்.

பெயிண்டர் அண்ணனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நர்சரிக்காரர் புது ஒப்பந்தம் வரும்வரை பார்க்கிறேன், அதுவரை அந்த இடத்தை வைத்திருக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாராம். எனக்கு அதுவே இப்போதுதான் தெரியும். கேட்டுவிட்டு அண்ணன், "அப்ப அந்தப் பொண்ணு கேட்டது இதுக்குத்தானா?" என்றார். அவ்வளவுதான். துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார், மீதியையும் மடித்து வைத்தார். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதைச் சரிசெய். எப்படி என்று எனக்குத் தெரியாது, நீ படித்தவள். எங்கள் பதிலை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் கேட்கச் சொல். இந்தத் தடவை நான் மூச்சு விட மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நேற்று போனில் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "உன்ன யாருடா தலையிடச் சொன்னது" என்று கத்திவிட்டு, போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான்தானே சொன்னேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவள் கேட்காமல் இருந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சமையல்காரர் வந்தார். அறிக்கை போன பிறகு வந்தார். அந்தப் பேனா வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே போய் யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் அலுவலகத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள், நானும் நன்றி சொன்னேன். பயம்தான். உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் இயக்குநர் அறைக்குப் போனேன்.

"இத்தன பேரு சொன்னத நீங்க எப்படிம்மா பொய்யின்னு சொல்றீங்க?" என்றார்.

"சொல்ல வச்சது என் தம்பி சார். அவனப் பேசி வைக்கச் சொன்னது நான்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இத நீங்க சொல்லல, நான் கேக்கல. அடுத்த சுற்றுல சரி பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தாகி, அது காலாவதி ஆகும்போது என்றார்.

பேச்சுவார்த்தைக் குழுவுக்கு நானே எழுதிவிட்டேன். அந்த வளாகத்துப் பதில்கள் சுதந்திரமாகச் சொன்னவை அல்ல, என் தவறு, அவற்றை முழுதாக நீக்கிவிட்டு மீண்டும் விசாரியுங்கள் என்று. என் பெயர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். நீக்கினால் அந்தக் கோரிக்கை திரும்பவும் மேசைக்கு வரும் என்று நம்புகிறேன். அண்ணனிடம் சொல், ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று. நர்சரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

விடுதி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. நானே சொல்லிவிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, ஆனால் மெஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் அக்கா தம்பி என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தவர்கள் இப்போது மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

வெல்டர் மட்டும் பழையபடி என் தட்டுக்கு எதிரே உட்காருகிறார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, சோறு வேகலன்னு. நான் ஒருத்தன்தான் உண்மை பேசினவன். அதையாவது எழுதிக்கிட்டாங்களான்னு உங்க அக்காவக் கேளு" என்கிறார். எழுதிக்கொண்டார்களா அக்கா?

உன் செய்தியைச் சொன்னதும் பெயிண்டர் அண்ணன் நர்சரிக்குப் பேசினார். இந்த மாதக் கடைசி வரை பார்ப்பார்களாம். நான் கடைக்குப் போய் அவருக்கு வடிகட்டி வாங்கி வந்தேன். முகமூடியில் பொருந்தவில்லை, வேறு அளவு. "வச்சிருப்போம் தம்பி, பொருந்தற முகமூடி கெடைச்சா போட்டுக்கலாம்" என்று பெட்டியில் வைத்துக்கொண்டார். அவர் என்னிடம் முன்பைவிட அன்பாக இருக்கிறார். நான் படுத்ததும் சத்தம் வரக் கூடாதென்று இருமுவதற்கு வெளியே எழுந்து போகிறார்.

சீக்கிரம் ஏதாவது எழுது.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ போன் செய்தபோதெல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நான் கேட்டதைச் செய்தார்கள். உங்கள் பதில்களை எல்லாம் நீக்கினார்கள். நீக்கியதும் உன் நாட்டிலிருந்து கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியது. இவ்வளவு குறைவாக இருந்தால் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆகவே அறிக்கையில் உன் நாட்டின் பக்கத்தில் "போதிய தரவு இல்லை" என்று ஒரே வரி. ஆதாரம் இல்லாமல் கோரிக்கை வைக்க முடியாது என்று குழு சொல்லிவிட்டது. திரும்ப விசாரிக்க நேரமில்லை. மற்ற மூன்று நாடுகளுக்கும் அந்த உரிமை கிடைத்துவிட்டது. உங்களுக்குத் தனி வரிசை கிடைத்திருக்கிறது.

முதலில் நீங்கள் எல்லோரும் திருப்தியாக இருந்தீர்கள். இப்போது நீங்கள் இல்லவே இல்லை. இரண்டையும் செய்தது நான். பொய்யை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் உண்மை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டேன், இத்தனை வருடம் இதே வேலையில் இருந்தும்.

வெல்டரிடம் சொல். அவர் சொன்னதை அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டது.

என்னை ஆய்விலிருந்து மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். விசாரிக்கும்போது என்னென்ன செய்யக் கூடாது என்பதுதான் என் பாடம். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்.

அண்ணனிடம் நானே பேசட்டுமா? உனக்குச் சரியென்று பட்டால் சொல்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

இதைக் கொண்டுவருபவர் பெயிண்டர் அண்ணன்தான். இனி நீ போனில் பேச வேண்டிய அவசியம் இல்லை.

நர்சரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். போன மாதம் அண்ணன் ஸ்ப்ரே அறையில் மயங்கி விழுந்தார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார், கம்பெனிக்காரரிடம் ஏதோ சொன்னார், இரண்டு வாரத்தில் டிக்கெட் போட்டுவிட்டார்கள். நாங்கள் முட்டி மோதிக் கேட்டபோது தராத விடுவிப்புக் கடிதத்தை இப்போது அவர்களே தட்டச்சு செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. என்மேல் இருப்பது போகவில்லை. அவர் உள்ளதைச் சொல்லத்தான் நினைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை அடைத்தேன்.

அவரை நிற்கவைத்துப் பேசாதே. மாடி ஏற முடியாது, கீழேயே நாற்காலி போடு. உன்னைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு வண்டி ஏறுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். எதற்கென்று என்னிடம் சொல்லவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அண்ணன் வந்தார்.

நீ சொன்னபடி கீழே வாசல் பக்கம் நாற்காலி போட்டேன். அம்மா காப்பி கொண்டுவந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அழுதுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவர்தான் பதறிப்போய், "அட, என்னம்மா இது, உங்க தம்பி எனக்கும் தம்பிதான்" என்றார். ஏர்போர்ட்டில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு லைன் வைத்திருக்கிறார்கள், சட்டென்று வந்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அந்தக் கேள்வியெல்லாம் உங்ககிட்ட இருக்காம்மா?" என்று கேட்டார். எனக்கு மனப்பாடம் என்றேன். "அப்ப மறுபடி ஒரு தடவ கேளுங்க" என்றார்.

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். வயது, தொழில், எத்தனை வருடம் என்று முதலிலிருந்து எல்லாம் கேட்டேன். எழுத்துப் பிசகாமல், அந்தப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டேன். எனக்கு வேறெப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், வழி இருந்தால் வேறு வேலைக்கு மாறுவீர்களா என்றதும் நிறுத்திவிட்டார். என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப சொல்லலாமாம்மா? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

ஆகாது, சொல்லுங்கள் என்றேன்.

ரொம்ப நேரம் சொன்னார். அந்த அறையைப் பற்றி, கதவுகளைப் பற்றி, நர்சரியில் தனக்குக் காட்டிய இடத்தைப் பற்றி. அங்கே வேலி ஓரமாக அவருக்கென்று நாற்றுப் பாத்திகள் ஒதுக்கிவிட்டார்களாம், பார்த்துவிட்டு வந்தாராம். நடுநடுவே மூச்சு வாங்கியது. போதும் அண்ணா என்றேன், கேட்கவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். அங்கே வேலையில் இருப்பவர்களின் பதிலை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், திரும்பி வந்தவர் சொல்வதைச் சேர்க்க இடமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோ வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகு வெளியே தலையை நீட்டி, "எல்லாத்தையும் எழுதிட்டீங்கல்லம்மா? இனிமே போற பசங்களுக்கு உதவும்" என்றார்.

எழுதிட்டேன் அண்ணா என்றேன்.

அக்கா